இருவர் ஆசனம்

ஸோபா என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. அரபியில் ‘ஸுஃப்பா’ என்றால் தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய மேடை. மதீனாவில் நபிகளின் பள்ளிவாசலை ஒட்டி, கூரை போட்ட அப்படியொரு மேடை இருந்தது. வீடு வாசல் இல்லாத ஏழைத் தோழர்கள் அதில் தங்கினார்கள். அவர்களுக்கு மேடைவாசிகள் என்றே பெயர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சொல் ஆங்கிலத்துக்குப் போனபோதும், கம்பளமும் திண்டுகளும் விரித்த உயர்ந்த தரைப்பகுதி என்பதுதான் பொருள். அதற்குக் கால்கள் முளைத்ததும் முதுகு எழுந்ததும் பிற்பாடு. ஆக, இன்று நாம் தவணை முறையில் வாங்கி வருகிற இந்தச் சாமானின் பெயரை நேராகத் தமிழாக்கினால் திண்ணை என்றுதான் வரும். கட்டடக்காரர்கள் தெருத்திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணிய அதே தலைமுறையில், திண்ணை வேறு பெயரில், பஞ்சு வைத்துத் தைக்கப்பட்டு, வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு வில்லியம் கூப்பரின் நீண்ட கவிதை ஒன்று நினைவிருக்கலாம். அதன் முதல் பகுதிக்கு ‘ஸோபா’ என்றே தலைப்பு. என்னத்தைப் பற்றி எழுதுவது என்று அவர் கேட்க, ஆஸ்டின் சீமாட்டி இந்த ஸோபாவைப் பற்றி எழுதுங்களேன் என்று சொன்னதில் பிறந்த கவிதை, 1785-இல் அச்சாயிற்று. முக்காலியில் ஆரம்பித்து, நாற்காலி, இருவர் அமரும் சாய்வு பெஞ்சு என்று ஒரு வம்சாவளி சொல்லி ஸோபாவில் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, மனுஷர் எழுந்து வயல்வெளியில் உலாவப் போய்விடுகிறார். மீதிக் கவிதை பெரும்பாலும் வெளியேதான். இந்த வம்சாவளியை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. அவர்களுக்கு ஆசனத்தின் சரித்திரம் சௌகரியத்தின் சரித்திரம். முக்காலி குத்துகிறது, ஆகவே நாற்காலி. நாற்காலி நேராக நிமிர்த்துகிறது, ஆகவே ஸோபா. நமக்கோ அது யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யாருக்குப் பக்கத்தில் யார் என்பதன் சரித்திரம். சௌகரியம் கடைசியாக வந்து சேர்ந்தது. சாய்வு நாற்காலி ஒன்றைத் தவிர நம்மிடம் உடம்புக்கென்று யோசித்துச் செய்த ஆசனம் எதுவும் இல்லை. அந்தச் சாய்வு நாற்காலியிலும் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்தார். அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் மற்றவர் பார்க்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படியான ஒரு இருக்கை தமிழ் வீட்டில் அநேகமாக இருந்ததில்லை. ஸோபாதான் முதல். இதைச் சொன்னால் ஊஞ்சலைக் காட்டி மறுப்பார்கள். ஊஞ்சலுக்கு வருகிறேன். அதற்கு முன், இதே இருவர் ஆசனத்தை நம் கடற்கரையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தெய்வங்களுக்காக வெட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

மாமல்லபுரத்துக் குன்றின் மேற்குப் பக்கம் ஆதிவராகர் குகை. இன்றும் வழிபாட்டில் இருப்பதால் சுற்றுலாக் கூட்டம் அதிகம் நுழையாத இடம். அதற்குள் எதிரெதிராக இரண்டு அரச குடும்பச் சிற்பங்கள். மேலே பெயர்களும் பொறித்திருக்கிறது. ஒன்றில் சிம்மவிஷ்ணு கால் வைத்த ஓர் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். இரு பக்கமும் இரண்டு அரசியர், நின்றபடி. மற்றதில் மகேந்திரன் நிற்கிறான். அவனுக்கும் இரண்டு அரசியர். ஒருத்தியின் கையைப் பிடித்துச் சன்னிதியை நோக்கி அழைத்துப் போகிறான். இவர்கள் முதல் மகேந்திரனும் அவன் தகப்பனும்தானா, பிற்காலத்தில் அதே பெயர்களைத் தாங்கிய வேறு பல்லவர்களா என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் விஷயத்துக்கு அது வேண்டாம். எந்தப் பல்லவனாக இருந்தாலும் சரி: அரசன் உட்கார்ந்தால் அரசி நிற்கிறாள். அரசி நடக்க வேண்டுமென்றால் அரசனும் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. இருவரும் உட்கார்ந்தபடியான மூன்றாவது சாத்தியம் அந்தக் குகையில் இல்லை.

அது கொஞ்ச தூரத்தில், கலங்கரை விளக்கத்தின் அருகே உள்ள மகிஷாசுரமர்த்தினி குகையில் இருக்கிறது. இந்தக் குகைக்குப் போகிறவர்கள் வலப்புறம் எருமைத்தலையனோடு போரிடும் துர்க்கையையும், இடப்புறம் பாம்பணையில் கிடக்கும் விஷ்ணுவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவை அப்படிப்பட்ட சிற்பங்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடுவில் பின்சுவரில் ஒரு மூன்றாவது சிற்பம். சிவனும் உமையும் அகலமான ஒரே ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். குழந்தை கந்தன் தாயின் மடியில். பின்னால் பிரமனும் விஷ்ணுவும் நிற்கிறார்கள். கீழே நந்தி படுத்திருக்கிறது. அதன் முதுகின் மேல் இருவரும் கால் வைத்திருக்கிறார்கள். ஒரு சிறு குகைக்குள் மூன்று விதமான தளவாடம்: சிங்கத்தின் மேல் தனியாகப் போகும் பெண், கட்டிலில் தனியாகத் தூங்கும் ஆண், ஒரு பெஞ்சில் இருவர். முதலிரண்டும் பெரிய காரியங்களைச் சொல்கின்றன. மூன்றாவதில் எதுவுமே நடக்கவில்லை. சாயங்காலம் மாதிரி இருக்கிறது. எனக்கு மாமல்லபுரத்தில் ஆக நவீனமான சிற்பமாகப் படுவது இதுதான்.

இந்த அமைப்புக்குச் சோமாஸ்கந்தம் என்று பெயர். உமையோடும் கந்தனோடும் கூடியவன். பல்லவர்களுக்கு இதில் ஒரு பித்தே இருந்திருக்கிறது. தர்மராஜ ரதத்தின் மேல்தளத்துக் கருவறையில் ஒன்று. பிறகு ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கடற்கரைக் கோயிலிலும் காஞ்சி கைலாசநாதரிலும் கருவறைப் பின்சுவர் என்றால் சோமாஸ்கந்தம் என்றே ஆகிவிட்டது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்த மைக்கேல் லாக்வுட், கிஃப்ட் சிரோமணி, தயானந்தன் மூவரும் 1974-இல் மாமல்லபுரம் பற்றி ஒரு சிறிய நூல் வெளியிட்டார்கள். ஒருவர் தத்துவம், ஒருவர் புள்ளியியல், ஒருவர் தாவரவியல். சரித்திரப் பேராசிரியர்கள் வம்சாவளிப் பட்டியலில் முங்கியிருந்தபோது, இவர்கள் உட்கார்ந்து சோமாஸ்கந்தச் சிற்பங்களில் கை எங்கே, கால் எங்கே என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது முந்தியது எது பிந்தியது என்று வகைப்படுத்தினார்கள். தமிழ் விமர்சனத்தில் இந்த அளவுக்குக் கண்ணால் பார்த்து எழுதப்பட்டது குறைவு.

அரசன், பட்டத்தரசி, இளவரசன் என்ற ராஜ குடும்பத்தின் தெய்வீகப் பிரதிதான் சோமாஸ்கந்தம் என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் அப்படியானால் ஆதிவராகர் குகையில் அரசியர் ஏன் நிற்கிறார்கள்? பிரதியில் உட்காருகிறவள் மூலத்தில் நிற்கிறாள். அரசனால் தன் மனைவிக்குத் தர முடியாத இடத்தைச் சிவன் தன் மனைவிக்குத் தந்தான் என்று சொல்வதா, அல்லது தர முடியாததை எல்லாம் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது நம் வழக்கம் என்று சொல்வதா? பாதி ஆசனம் தருவது பழைய காவியங்களில் பெரிய மரியாதை. இந்திரன் துஷ்யந்தனுக்குத் தன் ஆசனத்தில் பாதி தந்ததாகக் காளிதாசன் எழுதுகிறான். துஷ்யந்தன் சகுந்தலைக்குத் தந்ததாக எங்கும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல்லவச் சோமாஸ்கந்தத்தில் சிவன் நம்மைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறான். உமை பக்கவாட்டில், அவன் பக்கமாகத் திரும்பியிருக்கிறாள். அவளுக்கு நாம் பொருட்டில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுக்கு வரும்போது இது மாறிவிடுகிறது. ஒரே பீடம்தான், ஆனால் உமையும் இப்போது நேராக நம்மைப் பார்க்கிறாள். குழந்தை மடியிலிருந்து இறங்கி இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறது. உற்சவமூர்த்தி தெருவில் ஊர்வலம் போக வேண்டும், இரு பக்கமும் ஜனம் நிற்கும். ஆகவே இந்த மாற்றம் நியாயமானதுதான். திருவாரூர்த் தியாகராஜரும் சோமாஸ்கந்தரே. அங்கே வஸ்திரமும் புஷ்பமும் மூடி முகங்கள் மட்டும் தெரிகின்றன. பக்கத்தில் உட்கார்ந்த இருவர் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பியிருப்பது போய், இருவரும் சபையைப் பார்ப்பதாக ஆனது. கல்யாண வரவேற்பில் சிவப்பு வெல்வெட்டும் தங்க முலாமும் பூசிய ராஜா ராணி ஸோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைக்கப்படும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோழர் உலோகச் சிற்பிகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

மாமல்லபுரத்தை விட்டுப் போவதற்குமுன் இரண்டு இடங்கள். ராமாநுஜ மண்டபம் என்று வழங்கும் குகையின் பின்சுவரில் இருந்த சோமாஸ்கந்தத்தைப் பிற்காலத்தில் யாரோ உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். குகை வைணவமானதில் இது நடந்தது. அந்த இருவர் ஆசனம் இன்று சுவரில் ஒரு வெளிக்கோடாக மட்டும் இருக்கிறது. இன்னொன்று, குன்றின் மேல் வெட்டவெளியில் பாறையில் செதுக்கிய நீள்சதுர மேடை. ஒரு முனையில் சிங்கம். தர்மராஜர் சிம்மாசனம் என்கிறார்கள். ஆறாக எண்ணினாலும் ஏழாக எண்ணினாலும் பாண்டவர் பெயர் வைப்பது இந்த ஊர் வழக்கம், அதை விடுங்கள். அது கட்டிலா சிம்மாசனமா என்பதைவிட, அதில் இரண்டு பேர் உட்கார இடமிருக்கிறது என்பதுதான் முக்கியம். உட்கார்ந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதே ஊரில் ஐந்து ரதங்களுக்கு அருகே உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். தனித்தனி நாற்காலிகளில்.

இனி வீடு. தமிழன் தன் மனைவியின் பக்கத்தில் சட்டபூர்வமாக உட்கார்ந்தது கல்யாணத்தன்று மணையில். அது தரையிலிருந்து நாலு விரற்கடை உயரமுள்ள பலகை. அதைவிட்டு எழுந்த பிறகு அடுத்தது அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரிலோ வீட்டிலோ. நடுவில் முப்பது நாற்பது வருஷம் இருவருக்கும் பொதுவான ஆசனம் கிடையாது. ஆணுக்குத் திண்ணை, விசிப்பலகை, பெஞ்சு, சாய்வு நாற்காலி. பெண்ணுக்கு அடுப்படி, கொல்லைப்படி, நிலைப்படிக்கு உட்புறம். விருந்தாளி வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். ஊஞ்சல் சில சாதிகளின், சில வசதிகளின் விஷயம். அதிலும் கல்யாணத்தன்று பாட்டுப் பாடி இருவரையும் ஆட்டிவிட்டதோடு சரி. அதன் பின் அதில் மத்தியானத் தூக்கம் போட்டது யார் என்று ஊஞ்சல் வைத்திருந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். சுவரில் பட்டாபிஷேகப் படம் மட்டும் மாட்டியிருக்கும்: ராமனும் சீதையும் ஒரே சிம்மாசனத்தில்.

காமிரா வந்தபோது இது இன்னும் வெளிச்சமாயிற்று. பழைய ஸ்டூடியோப் படங்களில் பெரும்பாலும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். அம்மாள் பக்கத்தில், நாற்காலிக் கையைத் தொட்டும் தொடாமலும், நின்றிருப்பாள். பின்னணித் திரையில் மாடிப்படியும் பூந்தொட்டியும். செங்கல்பட்டுப் பக்கத்து வீடுகளில் இப்படங்கள் இன்றும் மாட்டியிருக்கின்றன. ஆதிவராகர் குகைக்கும் இவற்றுக்கும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இடைவெளி என்று நம்புவது கஷ்டம். அரசியரின் எண்ணிக்கை மட்டும் ஒன்று குறைந்திருக்கிறது.

நாற்காலி நம்மிடம் வந்து சேர்ந்த விதத்தைப் பற்றிக் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையைவிட நல்ல சரித்திரக் கட்டுரை கிடையாது. வீட்டுக்குக் கௌரவமாகச் செய்த நாற்காலி, ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்கார்த்தி வைக்க இரவல் போக ஆரம்பிக்கிறது. அப்புறம் அதில் உட்காரவே பயம். சிரித்துக்கொண்டே படிக்கிற கதை. ஆனால் ஒரு சமூகத்துக்கு உட்காருவது இன்னும் சுபாவமாகவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. நாற்காலி ஒரு பொருளாக வரவில்லை, பதவியாக வந்தது. அரசியலில் இன்றும் அந்த அர்த்தம்தான். 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்து கூட்டம் நடந்த படம் வெளிவந்து வழக்காயிற்று. பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நாளைக் கூலிக்குள் வாங்கிவிடலாம். விலை அதைத் தடுக்கவில்லை.

ஸோபா இந்த நாற்காலி அர்த்தத்தைக் கொஞ்சம் குலைக்கிறது. அதில் கைப்பிடி இரண்டு முனைகளில் மட்டும்தான். நடுவில் எல்லைக்கோடு இல்லை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் பக்கம் பஞ்சு மேலே எழும்புகிறது. அவர் உட்கார்ந்தால் இவர் லேசாகச் சாய்கிறார். தொடாமல் இருக்க வேண்டுமென்றால் முயற்சி செய்ய வேண்டும். மாமியார் மாமனார் எதிரில் மருமகள் முதன்முதலாகப் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சாயங்காலம் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருந்திருக்கும். நம் நாவல்களில் அதைத் தேடினேன். முதலிரவு ஆயிரம் இருக்கிறது. இது அகப்படவில்லை.

வியாபாரிகளுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆகவேதான் அவர்கள் அதைத் தனியாக விற்கவில்லை. ‘த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்’ என்று ஒரு செட்டாக விற்றார்கள். மூன்று பேர் உட்காரும் நீண்டது ஒன்று, ஒற்றை இரண்டு. இது எந்த வடிவமைப்பாளரின் கற்பனையும் அல்ல, திண்ணையின் வரைபடம். வந்தவர்கள் நீளத்தில் வரிசையாக, வீட்டுக்காரர் ஒற்றையில், இன்னொரு ஒற்றை வீட்டுக்காரருக்குச் சமமான யாராவது வந்தால். வீட்டுக்காரி காப்பித் தட்டோடு நிற்க இடம் வேண்டும், அதற்காகத்தான் நடுவில் டீப்பாய்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இப்போது அடுக்குமாடிகள். வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில். மாவட்டமே 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. கிளாம்பாக்கத்துக்கு 2023 கடைசியில் பஸ் நிலையம் வந்த பிறகு இன்னும் நெருக்கம். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு என்பார்கள். அதில் வாசல் கதவு, பால்கனிக் கதவு, சமையலறைத் திறப்பு, படுக்கையறைக் கதவு நான்கும் வந்து சேர்ந்தால் முழுச் சுவர் என்று ஒன்றோ ஒன்றரையோதான் மிஞ்சும். அங்கே த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன் போட்டால் மனிதர்கள் நண்டு மாதிரி நடக்க வேண்டும். இடநெருக்கடி செய்த காரியத்தைச் சீர்திருத்தக்காரர்கள் செய்யவில்லை: ஒற்றை நாற்காலிகள் போய்விட்டன. இருவர் உட்காரும் ஒன்று மட்டும் மிச்சம்.

நானும் மனைவியும் அப்படி ஒன்று வாங்கப் போனோம். கடை வாசலில் ‘அறைகலன்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. நல்ல சொல், உள்ளே யாரும் அதைச் சொல்லவில்லை. எங்களிடம் எண்பது செய்திகள் சொல்லப்பட்டன. முப்பத்திரண்டு டென்ஸிட்டி நுரைக்கும் நாற்பதுக்கும் என்ன வித்தியாசம் (ஒரு கனமீட்டர் நுரையின் எடை கிலோவில்; அதிகமானால் சீக்கிரம் பள்ளம் விழாது), கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் ரெக்ஸின் உரிந்துபோகும் துணியே மேல், லிஃப்டில் நுழையாவிட்டால் மாடிப்படியில் தூக்க ஆள்கூலி தனி. மனைவி அளவுநாடா கொண்டு வந்திருந்தாள். கதவு மூன்றடி என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். டூ-ஸீட்டர் மட்டும் போதும் என்றதும் விற்பனைக்கு நின்ற பெண்ணின் முகத்தில் ஒரு சந்தேகம். “யாராவது வந்தா எங்க மேடம் உட்காருவாங்க?” என்றாள். நியாயமான கேள்வி. இரண்டாயிரம் வருஷத்துத் திண்ணை அதைக் கேட்கிறது. “அவங்க உட்காரட்டும், நாங்க கீழ உட்கார்ந்துக்கறோம்” என்றாள் மனைவி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தவணைக் கணக்கை நான் மனசுக்குள் போட்டு முடிப்பதற்குள் அவர்கள் நிறத்தைத் தீர்மானித்துவிட்டார்கள்.

எதிரே எதை வைப்பது என்பது தீர்மானிக்கப்பட வேண்டிய விஷயமாகவே இல்லை. கடையிலேயே ஒவ்வொரு ஸோபாவுக்கும் எதிரே ஒரு டி.வி. ஸ்டாண்டு. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி. ஜனம் தரையில் உட்கார்ந்து பார்த்தது. 2006-இல் அரசாங்கம் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்ததும் பெட்டி எல்லா வீட்டுக்கும் வந்தது, பிறகு அதைப் பார்க்க ஸோபா வந்தது. சோழச் சிற்பி திருப்பி வைத்த உமை இன்னும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல்லவ உமையைப் போல் உட்கார வேண்டுமென்றால் இன்றைய ஸோபாவில் கைப்பிடியில் முதுகைச் சாய்த்துக் காலை மேலே தூக்கி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். அழைப்பு மணி அடித்தால் கால் இறங்கிவிடுகிறது.

இந்தச் சரித்திரத்தில் உட்காராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் வருஷத்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற பிரிவை அதில் சேர்க்க 2021 வரை ஆயிற்று. கேரளம் அதற்கு மூன்று வருஷம் முந்திக்கொண்டது. எழுபத்து நாலு வருஷம் ஒரு சட்டம் ஸ்டூலை மறந்திருந்தது. 2010-இல் ரங்கநாதன் தெரு ஊழியர்களைப் பற்றி வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ எடுத்தபோது பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அடுத்த தீபாவளிக்கு அதே தெருவில் துணி எடுத்தார்கள். ஜவுளிக் கடையிலாவது உட்காருவதற்கு எதுவும் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஸோபாக் கடையில் முந்நூறு பேர் உட்கார இடமிருக்கிறது. எல்லாவற்றிலும் பாலிதீன் உறை போட்டிருக்கிறது. எங்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பெண் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை அழுத்திக் காட்டினாள். நாங்கள் உட்கார்ந்து பார்த்தபோது, ஒரு பக்கமாக ஒதுங்கி, ஸோபாவின் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் நின்றாள்.

சட்டப்படியான ஸ்டூல் அந்தக் கடையில் இருந்தது. பில் போடும் மேஜைக்குப் பின்னால். அதன் மேல் துணி மாதிரிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.